வைகைத் தண்ணீரும் வெள்ளை மெழுகும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பித்தவெடிப்புக் களிம்பைப் பற்றி எழுதியபோது, அதில் சேரும் செட்டைல் ஆல்கஹால் என்னும் வெள்ளை மெழுகை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்திருந்தேன். வாசகர்கள் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். களிம்பு ஆலை ஆய்வுக்கூடத்தில் அந்த மெழுகோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவன் நான், எனக்கு மகிழ்ச்சிதான். இந்த இதழ் முழுக்க அதுவே. சமையல் சோடா, துருக்கறை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: ஐயா, செட்டைல் ஆல்கஹால் ஓர் ஆல்கஹால் என்றால் திரவமாக அல்லவா இருக்க வேண்டும்? மெழுகு என்கிறீர்கள். ஆல்கஹால் தோலை உலர்த்திவிடும் என்று படித்திருக்கிறேன். அதைப் போய்க் களிம்பில் ஏன் போடுகிறார்கள்?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, கும்பகோணம்

பதில்: போதை தரும் எத்தனாலில் கார்பன் அணுக்கள் இரண்டே இரண்டு. செட்டைல் ஆல்கஹாலில் பதினாறு. வேறுபாடு முழுவதும் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது, மகளே.

இரண்டு மூலக்கூறுகளுக்கும் ஒரு முனையில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு தலை உண்டு. அந்தத் தலைக்குத் தண்ணீர் என்றால் உயிர். எத்தனாலின் வால் குட்டை. தலை இழுத்த இழுப்புக்கு முழு மூலக்கூறும் தண்ணீருக்குள் போய்க் கலந்துவிடும். செட்டைல் ஆல்கஹாலிலோ பதினாறு கார்பன்கள் கிளையில்லாமல் ஒரே நேராக நீள்கின்றன. அந்த வாலுக்கும் தண்ணீருக்கும் ஆகவே ஆகாது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம்கூடக் கரையாது. அடர்த்தி 0.81தான் என்பதால் மேலே மிதக்கும்.

நேர்வால்கள் இடைவெளியின்றி அடுக்கிக்கொள்ளும். அதனால்தான் அது மெழுகு. வால் நீள நீள உருகுநிலை ஏறும். பன்னிரண்டு கார்பன் உள்ள லாரைல் ஆல்கஹால் 24 டிகிரி செல்சியஸில் உருகும். அதாவது ஊட்டியில் கட்டி, மதுரையில் எண்ணெய். பதினாலுக்கு 38 டிகிரி. நம் பதினாறுக்கு 49. பதினெட்டுக் கார்பன் ஸ்டியரைல் ஆல்கஹாலுக்கு 58ஐ ஒட்டி. செட்டைல் ஆல்கஹாலின் கொதிநிலை 344 டிகிரி. எத்தனால் 78 டிகிரியிலேயே கொதித்துப் பறந்துவிடும். தோலில் பட்ட நொடியில் ஆவியாகி ஈரத்தையும் எண்ணெய்ப் பசையையும் வாரிக்கொண்டு போவது அந்தப் பறக்கும் ஜாதிதான். செட்டைல் பறக்காது. தோலின்மேல் மெல்லிய பூச்சாகத் தங்கி, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் பார்த்துக்கொள்ளும். களிம்பில் எண்ணெயும் தண்ணீரும் பிரிந்துபோகாமல், வழியாமல், விரலில் எடுத்தால் நிற்கிற பதத்தில் இருப்பதும் அதன் உபயம். மிகச் சிலருக்கு, குறிப்பாகக் காலில் ஆறாத புண் உள்ளவர்களுக்கு, இந்தவகை மெழுகு ஒவ்வாமை தரலாம். அரிப்பு வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டவும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மூட்டை வந்து இறங்கியதும் முதல் சோதனை உருகுநிலைதான். தலைமுடி போன்ற கண்ணாடிக் குழாயில் துளி மெழுகை அடைத்து, வெப்பமானியோடு சேர்த்துக் கட்டி, சூடேறும் நீரில் தொங்கவிட்டு, எப்போது தெளிகிறது என்று கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். 46க்கும் 52க்கும் இடையே தெளிந்தால் சரக்கு உள்ளே போகலாம். அதற்குக் கீழே தெளிந்தால் குட்டை வால்கள் கலந்திருக்கின்றன என்று பொருள். புதிதாகச் சேர்ந்த பையன்கள் அவசரத்தில் அடுப்பைத் தூண்டிவிட்டு இரண்டு டிகிரி தள்ளிப் படித்துவிடுவார்கள். பொறுமை இல்லாதவனுக்கு வேதியியல் எதற்கு?

கேள்வி: 2017 ஏப்ரலில் எங்கள் வைகை அணையில் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்க அமைச்சர் தலைமையில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதும், காற்றில் அவை கரை ஒதுங்கியதும் நாடறிந்த கதை. தண்ணீரில் தூவினாலே கண்ணுக்குத் தெரியாத போர்வையாகி ஆவியைத் தடுக்கும் மெழுகு ஒன்று இருக்கிறது, அது நீங்கள் எழுதிய செட்டைல் ஆல்கஹால்தான் என்று என் மைத்துனர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? உண்மை என்றால் ஏன் யாரும் செய்யவில்லை?
– வாசகர், தேனி மாவட்டம்

பதில்: மைத்துனர் சொன்னது உண்மை. ‘யாரும் செய்யவில்லை’ என்பதுதான் உண்மையில்லை.

முதலில் தெர்மாகோலைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீரை மூடிவைக்கும் எண்ணமே கேலிக்குரியது அன்று. 2015இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தார் தங்கள் நீர்த்தேக்கம் ஒன்றில் 9.6 கோடிக் கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டினார்கள். வெயில் பட்டால் குடிநீரில் உண்டாகும் ஒரு கேடான பொருளைத் தடுப்பது முதல் நோக்கம். ஆவியாதல் குறைந்தது கூடுதல் லாபம். பந்துக்குள் கொஞ்சம் தண்ணீர் அடைத்திருந்தார்கள், காற்று தூக்கிப் போகாமலிருக்க. நம் அட்டைக்கு அந்தப் பாரம் இல்லை. அவ்வளவுதான் விஷயம். பாவம், அதற்காக இன்றுவரை சிரிக்கிறோம்.

இனி மெழுகுக்கு வருவோம். செட்டைல் ஆல்கஹாலைத் தண்ணீர்ப் பரப்பில் தூவினால், ஒவ்வொரு மூலக்கூறும் தலையைத் தண்ணீருக்குள் ஊன்றி, வாலை மேலே நீட்டிச் செங்குத்தாக நிற்கும். நாற்றங்காலில் நாற்று நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை அடுக்குதான், கனம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. இந்த நெருக்கத்தில் நுழைந்து வெளியேற நீர் மூலக்கூறுக்கு வழி அரிது. ஆய்வுக்கூடத் தட்டில், காற்றாடாத இடத்தில், ஆவியாதல் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

எவ்வளவு மெழுகு வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். நிற்கும் ஒரு மூலக்கூறு பிடிக்கும் இடம் எவ்வளவு என்பது தெரியும். அதை வைத்துப் பெருக்கினால் ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பை முழுக்க மூட ஏறத்தாழ 20 கிராம் போதும். ஒரு சிறிய தேநீர்க் குவளையில் கால்வாசி! சாதாரண எண்ணெயால் இது முடியாது. எண்ணெய் பரவினாலும் அதன் மூலக்கூறுகள் நெருங்கி நிற்கா. மூடினாலும் ஓட்டை உடைசல். வளைந்த வால் உள்ள ஓலைல் ஆல்கஹாலாலும் முடியாது, வளைவு இருந்தால் நெருங்கி நிற்க இயலாது. நேர்வால்தான் இந்த வித்தையின் உயிர். இதை ஞாபகத்தில் வையுங்கள், அடுத்த கடிதத்துக்கும் தேவைப்படும்.

இந்த அறிவு ஒரு நாளில் வந்ததில்லை. லண்டன் கிளாப்பம் குளத்தில் பெஞ்சமின் பிராங்கிளின் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றி, அரை ஏக்கர் அலையைக் கண்ணாடியாக்கிய செய்தி 1774இல் அச்சேறியது. அதன்பின் நூறாண்டு கழித்து ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆக்னஸ் பொக்கல்ஸ் என்ற பெண்மணி, பல்கலைக்கழகப் படிப்புக்கு வழியில்லாமல் வீட்டு நிர்வாகத்தில் இருந்தவர், சமையலறையிலேயே தகரத் தொட்டி ஒன்றை அமைத்து நீர்ப்பரப்பில் அழுக்கும் எண்ணெயும் என்ன செய்கின்றன என்று அளந்தார். அவர் இங்கிலாந்து இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு எழுதிய கடிதம் 1891இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. பிற்பாடு அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் அதே வகைத் தொட்டியைச் செம்மைப்படுத்தி, மூலக்கூறுகள் தலைகீழாக நிற்கும் கோலத்தை 1917இல் விளக்கினார். பரப்பு வேதியியலுக்காக 1932இல் நோபல் பரிசும் பெற்றார். பொக்கல்ஸ் அம்மையாரின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இல்லை. எனக்கு அதில் தீராத வருத்தம்.

அணையில் தூவும் யோசனையை 1950களில் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் ஆஸ்திரேலியர்கள். மான்ஸ்ஃபீல்ட் என்ற ஆய்வாளர் முன்னின்றார். 1958இல் அமெரிக்காவின் ஓக்லஹாமா நகரத்துக்குக் குடிநீர் தரும் ஹெஃப்னர் ஏரியில் கோடைக்காலம் முழுவதும் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். கிடைத்த மிச்சம் சுமார் 9 விழுக்காடு. இந்தியாவிலும் 1960 வாக்கில் புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தார் செட்டைல் ஆல்கஹாலைவிட மேலான ஆல்காக்சி எத்தனால் என்ற உறவினப் பொருள்களை உருவாக்கினார்கள். ராஜஸ்தான், குஜராத் நீர்த்தேக்கங்களிலும் சோதனைகள் நடந்திருக்கின்றன.

தட்டில் பாதி, ஏரியில் ஒன்பது. இடையில் எங்கே போயிற்று?

முதல் திருடன் காற்று. நீர்ப்பரப்பின் மேலுள்ள படலம், வீசும் காற்றின் வேகத்தில் சுமார் மூன்று விழுக்காட்டு வேகத்தில் நகரும். மணிக்கு 15 கிலோமீட்டர் காற்று என்றால் படலம் மணிக்கு அரை கிலோமீட்டர் நகர்ந்து, மாலைக்குள் எதிர்க்கரையில் ஒதுங்கிவிடும். காற்று இருபதைத் தாண்டி அலை எழும்பினால் படலம் கிழியும். ஆண்டிபட்டியைச் சுற்றி அத்தனை காற்றாலைகளை எதற்காக நட்டிருக்கிறார்கள்? ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் சீமையில், கண்ணுக்கே தெரியாத படலம் எம்மாத்திரம்! தெர்மாகோலாவது ஒதுங்கியது தெரிந்தது. இது ஒதுங்கினால் தெரியக்கூடத் தெரியாது.

இரண்டாவது, வெயில். தண்ணீர் ஆவியாகும்போது தன் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஆவியைத் தடுத்தால் அந்தச் சூடு ஏரியிலேயே தங்கி நீரின் வெப்பம் ஏறும். வெப்பம் ஏறிய நீர், படலம் கிழிந்த இடத்தில் இன்னும் விரைவாக ஆவியாகும். காலையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை மாலையில் செலவழித்துவிடும்.

மூன்றாவது, நுண்ணுயிரிகள். சூடோமோனாஸ் முதலான பாக்டீரியாக்களுக்கு இந்த மெழுகு விருந்து. ஏரியில் தூவத் தூவ, தின்பவர்களின் கூட்டமும் பெருகும். நாள்தோறும் படகில் போய்த் தூவிக்கொண்டே இருக்க வேண்டும். 20 கிராம் கணக்கு காகிதத்தோடு போயிற்று. நடைமுறையில் அதைப்போல் பல மடங்கு பிடிக்கும்.

லாபத்தையும் பார்ப்போம். கோடையில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாவதாக வைத்துக்கொண்டால் ஒரு ஹெக்டேரில் 60,000 லிட்டர் போகும். ஒன்பது விழுக்காடு என்றால் 5,400 லிட்டர். அரை லாரித் தண்ணீர். அதற்கு மெழுகு, படகு, ஆள்கூலி. வைகை போன்ற பெரிய, காற்றடிக்கும் அணைக்கு இது கட்டாது என்பது என் கருத்து. ஊரணி, சிறிய குடிநீர்க் குளம், காற்று மறைவான பண்ணைக்குட்டை ஆகியவற்றில், மழை வரும்வரை கொஞ்ச நாள் ஓட்டவேண்டிய பஞ்ச காலத்தில், யோசிக்கலாம். அதற்கும் முன்னால் வண்டலை அள்ளுங்கள். ஆவியாதல் நீரின் மேற்பரப்பைப் பொறுத்தது, ஆழத்தைப் பொறுத்ததன்று. அதே தண்ணீர் ஆழத்தில் கிடந்தால் வெயிலுக்குக் காட்டும் முகம் சிறிது. நம் பாட்டன்மார் கோடைதோறும் குளத்தைத் தூர் வாரியதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

ஒன்று சொல்ல மறந்துவிடக்கூடாது. ஏரிக்கு உதவாத இந்தப் பரவும் குணம் வேறோர் இடத்தில் உயிர் காத்தது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் நுரையீரல் அறைகள், உள்ளே பூச்சு போதாமல் ஒட்டிக்கொள்ளும். ஜான் கிளெமென்ட்ஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் உருவாக்கிய செயற்கைப் பூச்சு மருந்து ஒன்றை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1990இல் அனுமதித்தது. அதில் முக்கியப் பொருளை ஈரப்பரப்பில் விரைந்து பரவச் செய்தது செட்டைல் ஆல்கஹால்தான். அங்கே காற்றும் இல்லை, அலையும் இல்லை. ஏரியைக் கெடுத்த எதிரிகள் யாரும் இல்லை.

கேள்வி: ஷாம்பு, கண்டிஷனர், களிம்பு எல்லாம் கடைசியில் சாக்கடைக்குத்தான் போகின்றன. தண்ணீரில் கரையாது என்கிறீர்கள். அப்படியானால் பிளாஸ்டிக்போல ஆற்றில் தங்கிவிடாதா? ஏரிகளில் நுரை பொங்குவதற்கும் இதுதான் காரணமா?
– இல்லத்தரசி, கோவை

பதில்: நுரைப்பழியை இதன்மேல் போடாதீர்கள், அம்மா. செட்டைல்போல நீண்ட வால் உள்ள கொழுப்பு ஆல்கஹால் நுரையை அடக்கும். காகித ஆலைகளில் கூழ் பொங்கிவழியாமல் இருக்க இதைப் பால்மமாக்கி, அதாவது தண்ணீரில் பால்போலக் கலக்கி, ஊற்றுவது வழக்கம். இதையே கந்தக அமிலத்தோடு வினைபுரியவைத்துச் சோடாவால் நடுநிலையாக்கினால் ஷாம்புவில் நுரைக்கும் பொருள் கிடைக்கும். அது வேறு பண்டம், வேறு குணம்.

தங்குமா என்ற கேள்விதான் சரியான கேள்வி. கரையாத பொருள் தண்ணீரில் மிதப்பதைவிட மண்ணிலும் கழிவுச் சேற்றிலும் போய் ஒட்டிக்கொள்ளவே விரும்பும். சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும் செட்டைல் ஆல்கஹால் அங்குள்ள சேற்றில் ஒட்டும். ஒட்டிய இடத்திலேயே நுண்ணுயிரிகள் காத்திருக்கும். எண்ணெயில் கரைந்து நீரில் கரையாத குணத்தை அளக்கும் எண் ஒன்று உண்டு. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் மீனின் கொழுப்பில் இது சேர்ந்துகொண்டே போகும் என்று பயப்படத் தோன்றும். நடைமுறையில் அப்படி ஆவதில்லை. மீனின் உடலே இதைப் பிடித்துச் சாதாரணக் கொழுப்பமிலமாக மாற்றி எரித்துவிடும்.

எப்படி எரிகிறது என்பது கேட்கத் தகுந்தது. முதலில் தலையை ஆக்சிஜனேற்றம் செய்து பால்மிட்டிக் அமிலமாக்கும். பாமாயிலிலும் நெய்யிலும் நாம் சாப்பிடும் அதே அமிலம். பிறகு முனையிலிருந்து இரண்டிரண்டு கார்பனாக நறுக்கும். பதினாறு கார்பனுக்கு வெட்டு ஏழு, துண்டு எட்டு. அந்தத் துண்டுகள் கார்பன் டை ஆக்சைடும் நீருமாகிப் போகும். இந்த வெட்டுக்கத்தி நேர்வாலில்தான் தங்கு தடையின்றி ஓடும். வால் கிளை பிரிந்திருந்தால் கத்தி அங்கேயே நின்றுவிடும். 1950களில் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் ஆறுகளில் மலைமலையாக நுரை மிதந்ததற்கு அன்றைய சலவைத் தூளில் இருந்த கிளைவால்தான் காரணம். பாக்டீரியாவால் தின்ன முடியவில்லை. ஜெர்மனி 1961இல் சட்டம் போட்டது; ஆலைகள் நேர்வாலுக்கு மாறின; நுரை இறங்கியது. தேனி வாசகரின் அணையில் மெழுகை நெருங்கி நிற்கவைத்ததும் நேர்வால்தான், அதைத் தின்னவைத்ததும் நேர்வால்தான். தின்னமுடியாத மெழுகைச் செய்து அணையில் போடு என்று யாராவது சொன்னால் நான் முதல் ஆளாக எதிர்ப்பேன்.

ஆனால் ‘எளிதில் மக்கும்’ என்று உறையில் அச்சிட்டிருந்தால் மூட்டையோடு குளத்தில் கொட்டலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மக்குவதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஒரு கிலோ செட்டைல் ஆல்கஹால் முழுக்க எரிய மூன்று கிலோவுக்கு மேல் ஆக்சிஜன் தேவை. நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஏழெட்டு மில்லிகிராம்தான். ஆகவே அந்த ஒரு கிலோ, நான்கு லட்சம் லிட்டர் நீரிலுள்ள ஆக்சிஜன் அத்தனையையும் குடித்துவிடும். மீன் செத்து மிதப்பது நஞ்சால் மட்டும் என்று நினைக்கிறோம். மூச்சுத் திணறியும் சாகும். வீட்டுக் குளியலறையிலிருந்து போகும் துளி மெழுகுக்காக நீங்கள் தூக்கம் கெடவேண்டாம். ஆலைக் கொப்பரையைக் கழுவிய நீரைச் சுத்திகரிக்காமல் ஓடையில் திறந்துவிடுபவர்கள் கெடவேண்டும்.

ஆற்று மண்ணில் கிடைக்கும் கொழுப்பு ஆல்கஹால் எல்லாம் குளியலறையிலிருந்து வந்ததும் அன்று. பாசியும் நீர்வாழ் சிற்றுயிர்களும் பதினாறு, பதினெட்டுக் கார்பன் வகைகளைத் தாமே செய்கின்றன. நிலத்துச் செடிகளின் இலைமெழுகில் இருபத்தாறு, இருபத்தெட்டு, முப்பது கார்பன் வகைகள் மிகுதி. ஆழத்துச் சேற்றைத் தோண்டி எடுத்து, குட்டை வாலும் நெட்டை வாலும் எந்த விகிதத்தில் உள்ளன என்று பார்த்து, அந்தச் சேறு ஏரிப்பாசியில் பிறந்ததா, கரைக்காட்டின் இலையில் பிறந்ததா என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: உரக்கடையில் டிரைகாண்டனால் என்ற பயிர் ஊக்கி தருகிறார்கள். தேன்மெழுகிலிருந்து வருவது என்கிறார் கடைக்காரர். நீங்கள் எழுதிய மெழுகுக்கு இது சொந்தமா? நெல்லுக்கு அடித்தால் விளையுமா?
– விவசாயி, தஞ்சை மாவட்டம்

பதில்: நெருங்கிய சொந்தம். அதே தலை, அதே நேர்வால், கார்பன் முப்பது. உருகுநிலை 87 டிகிரி. தேன்மெழுகில் இது பால்மிட்டிக் அமிலத்தோடு பிணைந்து கிடக்கும், பிரித்தெடுக்கலாம். 1977இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டான்லி ரைஸ் குழுவினர், குதிரைமசால் தழையை மண்ணில் இட்டபோது பயிர் செழிப்பதைத் துருவிப்போய், காரணம் இந்த மெழுகு என்று வெளியிட்டார்கள். மிகமிகக் குறைந்த அளவிலேயே நெல், தக்காளி நாற்றுகள் வளர்ச்சி காட்டின. அதன்பின் உலகெங்கும் வயலில் செய்து பார்த்தவர்களுக்குச் சில இடத்தில் பலன், சில இடத்தில் ஒன்றுமில்லை.

என் யோசனை இது: மண்ணுக்கும் பயிருக்கும் வேண்டிய சத்தைச் சரியாகக் கொடுத்த பிறகு, ஓர் ஓரப் பாத்தியில் அடித்தும் அடுத்த பாத்தியில் அடிக்காமலும் பாருங்கள். யூரியாவுக்குப் பதிலாக இதை நம்பாதீர்கள். புட்டியில் இருப்பது நீரில் கரையாத மெழுகைப் பால்மமாக நிறுத்திவைத்த திரவம். குலுக்காமல் ஊற்றினால் முதல் டேங்கில் வெறும் தண்ணீரும் கடைசி டேங்கில் மெழுகுமாகப் போகும். ‘அதிகம் ஊற்றினால் அதிகம் விளையும்’ என்ற கணக்கு இதில் செல்லாது.

உங்கள் ஊர்க் குளத்தில் தாமரை இருந்தால் இந்தக் குடும்பத்தின் இன்னோர் உறுப்பினரைப் பார்க்கலாம். ‘தாமரை இலைத் தண்ணீர்’ என்று சொல்கிறோமே, அந்த இலையின் மேல்தோல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மேடுகள். மேடுகளின்மேல் நுண்ணிய மெழுகுக் குழல்கள். அந்த மெழுகில் இருபத்தொன்பது கார்பன் உள்ள ஓர் ஆல்கஹால் உண்டு. இதில் தலை, வாலின் முனையில் இல்லாமல் பத்தாவது கார்பனில் ஒட்டியிருக்கிறது. அதனால் தட்டையாக அடுக்கிக்கொள்ளாமல் குழலாகச் சுருளும். துளிநீர் அந்தக் குழல்களின் நுனியில்தான் உட்கார்கிறது, அடியில் காற்று. சாய்ந்தால் தூசியையும் உருட்டிக்கொண்டு ஓடிவிடும். ஜெர்மனியின் தாவரவியலாளர்கள் பார்த்லாட், நைன்ஹூயிஸ் இருவரும் 1997இல் இதை விரிவாக எழுதினார்கள். இலையை விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மெழுகு போன இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: செட்டைல் ஆல்கஹால் திமிங்கிலத்திலிருந்து எடுப்பது என்று பேத்தி இணையத்தில் படித்துவிட்டு, என் முகக் கிரீமைக் குப்பையில் போட்டுவிட்டாள். நான் சைவம். உண்மையைச் சொல்லுங்கள்.
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: கிரீமைக் குப்பையிலிருந்து எடுத்துவிடுங்கள். பேத்தி படித்தது பழைய கதை, பொய்க் கதையன்று.

எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலைக்குள் டன் கணக்கில் ஓர் எண்ணெய்மெழுகு உண்டு. 1817இல் பிரான்சின் மிஷேல் ஷெவ்ரோல் அதைப் பொட்டாஷோடு காய்ச்சிச் செட்டைல் ஆல்கஹாலைப் பிரித்தெடுத்தார். கொழுப்பு என்றால் என்ன என்று உலகுக்கு முதலில் சொன்னவர் அவர்தான். 102 வயதுவரை வாழ்ந்தார். அந்த மெழுகுக்காக எத்தனை திமிங்கிலங்கள் செத்தன என்பது துயரமான வரலாறு. 1982இல் வணிகத் திமிங்கில வேட்டைக்குத் தடை போட்டார்கள், 1986இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே ஆலைகள் வேறு வழிக்கு மாறிவிட்டிருந்தன.

இன்று பெரும்பாலும் பாமாயிலிலிருந்து வருகிறது. பாமாயிலின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ 44 விழுக்காடு பதினாறு கார்பன் வகை. அதோடு உயரழுத்தத்தில் ஹைட்ரஜனைச் சேர்த்தால் ஆயிற்று. தேங்காய் எண்ணெயில் பன்னிரண்டு கார்பன்தான் மிகுதி; அது ஷாம்பு நுரைக்குப் போகும். பெட்ரோலிய எத்திலீனை அடுக்கியும் செய்கிறார்கள். மாட்டுக் கொழுப்பிலிருந்து செய்யும் வழியும் உலகில் உண்டு என்பதால், உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பேத்தி இன்னும் கோபமாக இருந்தால், இந்தோனேசியாவில் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்துக்காகக் காடு அழிவதைப் பற்றிக் கோபப்படச் சொல்லுங்கள். அதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: தகரக் கொட்டகைக் கிடங்கில் வைத்திருந்த செட்டைல் ஆல்கஹால் மூட்டைகள் மே மாதத்தில் பாறாங்கல்லாகக் கட்டிவிட்டன. கெட்டுவிட்டதா? தீப்பிடிக்குமா?
– கிடங்கு வைத்திருப்பவர், மாதவரம்

பதில்: கெடவில்லை. கூரைக்கு அடுத்த மூட்டை 49 டிகிரியைத் தொட்டிருக்கும். வெளிப்புறச் செதில்கள் இளகி, இரவில் ஒன்றோடொன்று பற்றி இறுகியிருக்கின்றன. பொருள் அதேதான். உடைத்து உருக்கிப் பயன்படுத்தலாம். நெடுநாள் சூட்டில் காற்றுப்பட்டிருந்தால் அமில எண் (கொஞ்சம் அமிலமாக மாறியதைக் காட்டும் அளவு) சிறிது ஏறியிருக்கலாம், அதை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். தீயைப் பொறுத்தவரை, சாராயம்போல் தீக்குச்சி காட்டியதும் பற்றும் ஜாதி இல்லை. நூறு டிகிரிக்கும் மேல் நன்றாகச் சூடேறினால்தான் ஆவி பற்றும். பற்றிவிட்டால் எண்ணெய்த் தீ. தண்ணீரை ஊற்றாதீர்கள், நுரையோ உலர்தூளோ வைத்திருங்கள். இனி மூட்டைகளைக் கூரையிலிருந்து தள்ளி, மரப்பலகையின்மேல், உயரம் குறைத்து அடுக்குங்கள். கட்டிவிட்டது என்று காரணம் காட்டி ஆலைக்காரர் விலையைக் குறைக்கக் கேட்டால், ஹைட்ராக்சில் எண் (ஆல்கஹால் தலைகள் எவ்வளவு உள்ளன என்பதன் அளவு) 218க்கும் 238க்கும் இடையே இருக்கும் சோதனைச் சான்றை எடுத்து நீட்டுங்கள்.